ஊர்க் குடிநீர்த் திட்டங்கள் ஏன் நாலைந்து வருடத்தில் படுத்துவிடுகின்றன?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி கட்டி, புது போர் போட்டு, 300 வீட்டுக்கும் குழாய் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. முதல் வருடம் தினமும் வந்த தண்ணீர் இப்போது ஐந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் மேற்குத் தெருவுக்கு எட்டுவதே இல்லை. கடைசியில் "இதில் எவ்வளவு திருட்டு?" என்று முடித்திருக்கிறீர்கள். திருட்டைப் பற்றிக் கேட்டாலும், உண்மையில் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த ஒன்று, யாரும் உடைக்காமலே எப்படி ஓடாமல் போகும் என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் 26 வருடம் கிராமக் குடிநீர்ப் பராமரிப்பில் இருந்தவன். முதல் ஏழெட்டு வருடம் அடிபம்பு பழுதுபார்க்கும் வண்டி, அப்புறம் மோட்டார், பைப்லைன், கொஞ்ச காலம் கூட்டுக் குடிநீர்த் திட்டம். எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ்நாட்டின் மேற்கு, தெற்கு மாவட்டங்கள்தான். உங்கள் ஊரை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் ஊருக்கு இதுதான் காரணம் என்று சொல்லப் போவதில்லை. வழக்கமாக என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருட்டை முதலில் முடித்துவிடுவோம். மோசமான வேலை பெரும்பாலும் முதல் வருடத்திலேயே பல்லைக் காட்டிவிடும். மூன்றடி ஆழத்தில் புதைக்க வேண்டிய பைப்பை ஓரடியில் புதைத்திருந்தால் முதல் டிராக்டர் ஏறும்போதே தெரியும், ஜாயிண்ட் சரியில்லை என்றால் முதல்முறை தண்ணீர் விடும்போதே ஒழுகும். முதல் வருடம் நன்றாக ஓடிவிட்டு, இரண்டாவது வருடம் நடுங்கி, மூன்றாவது வருடம் படுத்தால், அதில் பெரும்பங்கு பராமரிப்பின் கதை. கட்டும்போது ஒருவருமே கமிஷன் வாங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சுத்தமாகக் கட்டிய திட்டமும் இதே மாதிரி படுத்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கு நல்ல உதாரணம் அடிபம்பு. 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டில் வறட்சிக்காக அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் போர் போட்டு, மேலே வார்ப்பிரும்பு பம்பை மாட்டினார்கள். அந்த பம்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணை வீடு, ஒரு குடும்பம், ஒரு நாளைக்கு சில வாளி என்ற கணக்கில் செய்யப்பட்டது. இங்கே அதை விடியற்காலை நாலு மணி முதல் ராத்திரி வரை ஊரே அடித்தது. உடையாமல் என்ன செய்யும்? சில வருடங்களில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. சோலாப்பூர் பக்கம் உருவாகியிருந்த எஃகு பம்பு ஒன்றை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் துணையோடு புது மாடல் செய்து, அதை நம் கோயம்புத்தூர் பக்கத்து ஆழமான போர்களில் மாட்டி அடித்துச் சோதித்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. இன்றைக்கும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மக்கள் அடித்துக்கொண்டிருப்பது அந்த பம்பைத்தான்.

பம்பு உறுதியானது, ஆனால் ஒரு சிக்கல். உள்ளே சிலிண்டரில் தண்ணீரை மேலே தூக்கும் பிஸ்டனின் வளையமான பக்கெட் வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற மொத்தப் பைப்பையும் வெளியே இழுக்க வேண்டும். 3 மீட்டர் நீள ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), ஒன்றன்பின் ஒன்றாக 10, 12 பைப், ஒவ்வொன்றுக்குள்ளும் ராடு, எல்லாம் தண்ணீரோடு. முக்காலி நட்டு, கிளாம்ப் போட்டு, நாலைந்து பேர் வேலை. கையளவு வாஷருக்கு ஒரு வண்டி, ஒரு டீம், ஒரு நாள். அதனால்தான் தமிழ்நாட்டில் ஊரில் பம்பைக் கவனித்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு வண்டி என்று மூன்றடுக்குப் பராமரிப்பு வந்தது. பம்பைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அந்த ஏற்பாடுதான் என்பேன். பின்னால் 1980களில் மறுபடியும் கோயம்புத்தூர் பக்கமே சோதித்து, பைப்பைக் கழற்றாமல் ராடோடு வாஷரை மட்டும் மேலே உருவும்படி மார்க் 3 செய்தார்கள். ஆனால் அதற்குப் பைப் அகலமாக இருக்க வேண்டும், அதற்கு விலை அதிகம், அதனால் மார்க் 2 அளவுக்கு அது பரவவில்லை.

நான் வண்டியில் இருந்த காலத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன், இன்று வரை அது மாறவில்லை. பம்பு கெட்டுப்போவது பிரச்சினையே இல்லை, எந்த பம்பும் கெடும். கெட்ட நாளுக்கும் சரியான நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மூன்று நாளில் சரிசெய்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும். ஒரு மாதம் ஆனால் பெண்கள் வேறு கிணறு தேடிப் போய்விடுவார்கள், அப்புறம் பம்பைச் சரிசெய்தாலும் கவனிக்க ஆளிருக்காது, கைப்பிடியின் போல்ட்டை யாராவது கழற்றிக்கொண்டு போவான், அடுத்த முறை போகும்போது மேடையில் ஆடு கட்டியிருக்கும்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை. 2009 வாக்கில் சஹாராவுக்குத் தெற்கே இருபது நாடுகளின் கணக்கைத் தொகுத்தபோது அடிபம்புகளில் சுமார் மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை என்று வந்தது. அங்கே இன்னொரு வினை, பல இடங்களில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை உள்ளது, ஜி.ஐ. பைப்பை அரித்துத் தண்ணீர் செம்பழுப்பாகத் துருவாடையோடு வரும், பம்பு ஓடினாலும் மக்கள் குடிக்க மாட்டார்கள். இங்கே ஓடிய பம்பை அப்படியே அங்கே கொண்டுபோனதற்குக் கிடைத்த பரிசு. கென்யாவில் கியூசோ என்ற வறண்ட பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள்: பம்பின் கைப்பிடிக்குள் செல்போன் சிம் போட்ட சின்னக் கருவி. கைப்பிடி ஆடாமல் நின்றால் மெக்கானிக்குக்குத் தகவல் போய்விடும். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்த பழுதுபார்ப்பு மூன்று நாளுக்குள் முடிந்தது. பம்பு அதே பம்புதான். தண்ணீர் நிற்காமல் வரும் என்று நம்பிக்கை வந்தபிறகு காசு கொடுக்கவும் மக்கள் முன்வந்தார்கள். ஆனாலும் அந்தக் காசு மட்டும் போதவில்லை, வெளியிலிருந்து நிதி சேர்த்துத்தான் அந்தப் பராமரிப்புச் சேவையை நடத்துகிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மந்திரம் மாதிரி ஆகிவிடும்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். முதலில் காசுக் கணக்கு, ஏனென்றால் இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 300 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,200 பேர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல்படி ஆளுக்கு 55 லிட்டர், ஆக நாளைக்கு 66,000 லிட்டர், அதாவது உங்கள் தொட்டியை இரண்டு முறைக்கு மேல் நிரப்ப வேண்டும். போரின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் உச்சி வரை 100 மீட்டர் என்று வையுங்கள். இந்தத் தண்ணீரை அவ்வளவு உயரம் ஏற்றக் கணக்குப்படி 18 யூனிட் போதும். ஆனால் நம் ஊர் மோட்டாரும் பம்பும் சேர்ந்து கொடுக்கும் திறன் 40 சதவீதம் வந்தாலே பெரிது, அதனால் 45 யூனிட். மாதம் 1,350 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கரண்ட் பில் மட்டும் 10,800 ரூபாய். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் வரி என்றால், எல்லோரும் கட்டினாலும் 9,000. எல்லோரும் எங்கே கட்டுகிறார்கள்? இதற்கு மேல் ஆபரேட்டர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், வருடத்துக்கு ஒரு முறையாவது மோட்டார் ரீவைண்டிங், அதற்குப் பம்பைத் தூக்கி இறக்கும் கூலி. 2021 முதல் 2026 வரை ஊராட்சிக்கு வந்த 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று விதி இருந்ததால்தான் பல ஊராட்சிகள் தலை தப்பின. ஆனால் மானியம் தவணையாக வரும். மோட்டார் தவணை பார்த்து எரியாது.

எரிவது எப்படி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் இரண்டுதான்: லோ வோல்டேஜ், அப்புறம் தண்ணீர் இல்லாமல் ஓடுவது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு அதிகக் கரண்ட் இழுக்கும், காயில் சூடாகும். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் அப்படித்தான். இதைத் தடுக்கத்தான் பேனல் போர்டில், கரண்ட் அதிகமானாலோ ஒரு ஃபேஸ் போனாலோ மோட்டாரைத் தானாக நிறுத்தும் ரிலேயும் பிரிவெண்டரும் வைத்திருக்கிறோம். ஆனால் ரிலே அடிக்கடி ட்ரிப் ஆனால் தண்ணீர் வராது, தண்ணீர் வராவிட்டால் ஊரார் ஆபரேட்டரைத்தான் திட்டுவார்கள், அவர் ரிலேயில் ஒரு தீப்பெட்டியைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய சம்பளத்தைக் கேட்டால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள். கோடிக்கணக்கில் போட்ட திட்டத்தின் சாவி, ஊரிலேயே குறைவாகச் சம்பளம் வாங்குபவர் கையில் இருக்கிறது. அவருக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஊரில் வயதான ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். எந்தத் தெரு வால்வை எத்தனை சுற்று திறந்தால் கடைசி வீடு வரை போகும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கிழக்குத் தெரு மூன்றரைச் சுற்று, பள்ளிக்கூடத் தெரு இரண்டு, மேட்டுத் தெருவுக்கு முழுசாகத் திறந்து மற்றதை அடைக்க வேண்டும். அவர் படுத்துவிட்டார், மகன் வேலைக்கு வந்தான். அதே வருடம் சிமெண்ட் ரோடு போட்டார்கள், போட்டவர்கள் இரண்டு வால்வு சேம்பரை மூடி மேலே காங்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். மோட்டார், போர் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தப் பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டோம். அவர் சைக்கிள் கடையிலிருந்து இத்தனை அடி, வேப்பமரத்திலிருந்து இத்தனை அடி என்று சொல்லச்சொல்ல ரோட்டை உடைத்தோம். வால்வு அங்கேதான் இருந்தது, பாதி மூடியபடி. வரைபடம் என்று ஒன்று அலுவலகத்தில் இருந்தது, அதில் பைப்லைன் ரோட்டின் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

உங்கள் மேற்குத் தெருவுக்கு வருகிறேன். கடைசித் தெருவுக்கு எட்டாததற்கு மூன்று காரணம் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்று, தெருக்குழாய்க் கணக்கில் போட்ட பழைய மெயின் பைப்பிலேயே வீட்டு இணைப்பையும் கோத்துவிடுவது. தெருவுக்கு இரண்டு குழாய் இருந்தபோது போதுமான பைப், 40 வீடும் ஒரே நேரத்தில் திறந்தால் திணறும். இரண்டு, பள்ளமான இடத்து வீடுகளில் குழாய்க்குத் திருகே இல்லாமல் தண்ணீர் சாக்கடையில் ஓடுவது. மூன்று, இணைப்பில் மோட்டார் மாட்டி உறிஞ்சுவது, இதை முன்தெருவில் வசதியுள்ளவர்கள் செய்வார்கள், ஊராட்சி மன்றத் தலைவரும் தட்டிக்கேட்க மாட்டார். அப்புறம் இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: நான் போன ஊர்களில் பைப்லைனின் கடைசி முனை பெரும்பாலும் காலனியாகத்தான் இருந்தது. தொட்டி எங்கே கட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று பார்த்தால் அதற்குக் காரணம் புரியும்.

விட்டுவிட்டுத் தண்ணீர் வருவதில் இன்னொரு ஆபத்து, இதை யாரும் பேசுவதில்லை. பைப்பில் தண்ணீர் நிற்கும்போது அழுத்தம் போய்விடும், சில நேரம் உள்ளே உறிஞ்சும். சாக்கடையை ஒட்டிப் போகும் பைப்பில் ஒரு விரிசல் இருந்தால் சாக்கடை உள்ளே வரும். மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசம். ஆகவே முதல் சில நிமிடத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். தொட்டியில் குளோரின் போட்டாலும், கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு, ஆனால் பவுடர் மூட்டை ஆறு மாதம் ஈரத்தில் கிடந்திருந்தால் அதில் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். தொட்டியில் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கும் அல்லவா, பெயிண்ட் புதிதாக இருக்கிறதா பாருங்கள், அதுவே பாதி பதில் சொல்லும்.

இப்போது எனக்கு அவ்வளவு உறுதியில்லாத பகுதி. "ஊர் மக்களிடமே ஒப்படைத்தால் பொறுப்பு வரும்" என்று முப்பது வருடமாகச் சொல்கிறார்கள். 2002இல் வந்த ஸ்வஜல்தாரா திட்டத்தில் செலவில் 10 சதவீதத்தை ஊர் கொடுக்க வேண்டும் என்றார்கள், 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்திலும் ஊருக்குள் நடக்கும் வேலைக்கு அப்படி ஒரு பங்கு உண்டு. காசு போட்டால் அக்கறை வரும் என்பது தத்துவம். நான் பார்த்ததில், அந்தப் பங்கை ஒப்பந்தக்காரரே கட்டிய ஊர்கள் உண்டு, தலைவர் கைக்காசைப் போட்ட ஊர்கள் உண்டு. குழு என்று பன்னிரண்டு பெயர் நோட்டில் இருக்கும், அதில் பாதிப்பேருக்குத் தாங்கள் குழுவில் இருப்பதே தெரியாது. ஆனால் நிஜமாகவே குழு நடந்த ஊர்களையும் பார்த்திருக்கிறேன், அங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்காரர்கள் கணக்கு வைத்திருந்தார்கள், வரி வசூலானது, வால்வுக்குப் பூட்டு இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களில் எழுத்தறிவில்லாத பெண்களே அடிபம்பு மெக்கானிக் ஆனார்கள், எங்கள் டீமில் இருந்தவர்கள் அதை நம்பவே மாட்டார்கள். குழுவால் திட்டம் ஓடியதா, ஏற்கெனவே ஒற்றுமையாக இருந்த ஊரில் குழுவும் ஓடியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: வாஷர் மாற்றுவது, வால்வு திருப்புவது ஊரால் முடியும். போர் வற்றினால், மோட்டாரைத் தூக்க வேண்டியிருந்தால், ஊரால் தனியாக முடியாது. அதையும் சேர்த்து ஊர் தலையில் கட்டுவது கைகழுவும் வேலை.

போர் வற்றுவதும் அப்படித்தான். உங்கள் ஊர்த் திட்டத்தை வடிவமைத்தபோது 300 அடியில் தண்ணீர் இருந்திருக்கலாம், சுற்றி இருக்கும் தோட்டங்களில் 800, 1,000 அடிக்குப் போர் போட்டால் உங்கள் மோட்டார் காற்றைத்தான் உறிஞ்சும். இதை எந்த ஆபரேட்டராலும் தடுக்க முடியாது. அதற்காகத்தான் ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று போனோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணீர் போனதற்கு வற்றிய போர் மட்டும் காரணம் இல்லை, அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல் கறையாகி எலும்பு வளையும், அதை எந்த வால்வைத் திருப்பியும் சரிசெய்ய முடியாது. ஆனால் கூட்டுத் திட்டம் வந்ததும் பழைய போரைக் கைவிட்டுவிடுகிறார்கள், இது பெரிய தப்பு. மெயின் பைப் உடைந்தால், கடைசியில் இருக்கும் ஊருக்கு ஒரு வாரம் ஒன்றுமே இருக்காது. அடிபம்பையாவது உயிரோடு வையுங்கள். நல்ல மார்க் 2 பம்பு, நிமிடத்துக்கு 40 முறை அடித்தால் 12 லிட்டர் கொடுக்கும். 15 லிட்டர் குடம் 50 முறை அடித்தால் நிரம்ப வேண்டும், 80 முறை ஆகிறது என்றால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். பம்பு நிற்கும்வரை காத்திருக்காமல் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது இரண்டு உண்டு. ஆபரேட்டரோடு ஒரு டீ சாப்பிட்டுவிட்டு, காலித் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 3 மணி நேரத்தில் நிரம்பியது இப்போது 5 மணி நேரம் என்றால் பிரச்சினை தொட்டிக்கு முன்னால்: போர், மோட்டார், வோல்டேஜ், இல்லை ஏறும் பைப்பில் ஓட்டை. ஒரே நேரம்தான் என்றால் தொட்டிக்குப் பின்னால்: வால்வு, ஒழுகல், உறிஞ்சும் மோட்டார். இரவில் வெளியேறும் வால்வை மூடிவிட்டு காலையில் மட்டம் பாருங்கள், குறைந்திருந்தால் தொட்டியோ வால்வோ ஒழுகுகிறது. இரண்டாவது, அடுத்த கிராம சபையில் கடந்த 12 மாதக் கரண்ட் பில்லையும், மோட்டார் பழுதான தேதியையும் சரியான தேதியையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் உண்டு, இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்று பட்டியல் வாசிப்பார்கள், அதை விட்டுவிட்டு எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். பதில் இருக்காது, ஏனென்றால் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

தொட்டி நிரம்பும் நேரம், மோட்டார் எத்தனை ஹெச்.பி., போர் எத்தனை அடி, மேற்குத் தெரு தொட்டியிலிருந்து எவ்வளவு தூரம், மேடா பள்ளமா, இதெல்லாம் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். பைப்பின் அளவும் தெரிந்தால் நல்லது, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.